மூத்தவர் இல்லாத சீருடை: யாழ். குடாநாட்டுப் பெண் பொலிஸாரும் வழிகாட்டலும்

2021 பெப்ரவரியில் இலங்கை உயர் நீதிமன்றத்துக்கு ஓர் அடிப்படை உரிமை மனு போனது. மனுதாரர்கள் 32 பேர்; எல்லோரும் பொலிஸ் திணைக்களத்தின் ஆண் அதிகாரிகள். அதற்கு முந்திய செப்டெம்பரில் பிம்ஷானி ஜாசின் ஆராச்சி பிரதிப் பொலிஸ் மா அதிபராகப் பதவி உயர்த்தப்பட்டிருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பதவி உயர்வு விதிகள் ஆண் அதிகாரிகளை மட்டுமே குறிப்பிடுகின்றன, பெண்களைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை, ஆகவே அந்த நியமனம் செல்லாது என்பது மனுவின் சாரம். 1866இல் தொடங்கிய திணைக்களம் 1952இல்தான் பெண்களைச் சேர்த்தது. சேர்த்த பிறகு ஒரு பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபராக 68 ஆண்டுகள் சென்றன. அந்த இடத்தை அடைந்த பிறகும் அவர் வழக்கை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

கொழும்பில் நடந்த இந்த இழுபறிக்கும் கோப்பாயிலோ ஊர்காவற்றுறையிலோ பணிபுரியும் ஒரு தமிழ்ப் பெண் கான்ஸ்டபிளுக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. மேலே ஏறும் வழி இவ்வளவு குறுகலாக இருக்கும் ஒரு திணைக்களத்தில், கீழே நிற்பவருக்கு வழி சொல்லக்கூடிய மூத்த பெண்கள் சிலரே. அந்தச் சிலரிலும் தமிழில் பேசக்கூடியவர்கள் மிகச் சொற்பம். போர் ஒரு முழுத் தலைமுறையின் ஆட்சேர்ப்பையே விழுங்கிவிட்ட குடாநாட்டில் இந்தப் பற்றாக்குறை இன்னும் கூர்மையானது. பெண் பொலிஸாருக்கான வழிகாட்டலை உத்தியோக முன்னேற்றத்துக்கான ஒரு சலுகையாகவே பலர் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அது அதைவிடப் பெரிய விடயம். முறைப்பாட்டோடு பொலிஸ் நிலையத்துக்கு வரும் பெண்ணுக்கு நீதி கிடைக்குமா என்பது, மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கும் இளம் உத்தியோகத்தருக்கு யார் தொழில் கற்றுக் கொடுத்தார்கள் என்பதிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது.

குடாநாட்டின் நினைவில் பெண் பொலிஸ்

யாழ்ப்பாணத்தில் பொலிஸ் சீருடைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு நிற்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கிய பொலிஸாரின் வெறியாட்டத்தில் கடைகளும் பத்திரிகை அலுவலகமும் எரிந்தன, யாழ். பொது நூலகம் சாம்பலானது. அதன் பின்னான போர்க்காலத்தில் பொலிஸ் என்பது பாதுகாப்புப் படைகளின் ஒரு கையாகவே மக்களுக்குத் தென்பட்டது. 1996இல் குடாநாடு மீண்டும் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தபின், சாதாரணப் பெண்கள் பெண் பொலிஸைச் சந்தித்தது பெரும்பாலும் சோதனைச் சாவடியில்தான். பெண்ணைப் பெண்ணே சோதனையிட வேண்டும் என்கிறது சட்டம். அந்த ஏற்பாட்டின்படி திரைக்குப் பின்னால் நின்று பையைத் திறக்கச் சொன்னவர், மொழி தெரியாத தெற்கத்தியப் பெண்ணொருவர். இருவருக்கும் இடையில் சைகைதான் பாஷை.

இன்னொரு அத்தியாயமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் தமது கட்டுப்பாட்டுப் பகுதியில் தனிப் பொலிஸ் அமைப்பொன்றை நிறுவினார்கள். அதில் பெண்களும் பணியாற்றினார்கள். அந்த அமைப்பின் அதிகாரம் எங்கிருந்து வந்தது, அது யாருக்குக் கணக்குக் கொடுத்தது என்பவை தனியே ஆராயப்பட வேண்டியவை. ஆனால் சீருடை அணிந்த தமிழ்ப் பெண் வீதியில் நின்று விசாரிப்பது குடாநாட்டுக்கும் வன்னிக்கும் புதிய காட்சி அல்ல. 2009க்குப் பின் அந்த அனுபவத்துக்கும் அரச பொலிஸுக்கும் இடையில் எந்தத் தொடர்ச்சியும் இருக்கவில்லை, இருக்கவும் முடியாது. இளம் பெண்கள் வெறும் நிலத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

போர் முடிந்தபின் வடக்கில் தமிழ் இளைஞர், யுவதிகளைப் பொலிஸில் சேர்க்கும் நேர்முகத் தேர்வுகள் நடந்தன. கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011 நவம்பரில் சமர்ப்பித்த அறிக்கை, பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இருமொழி தெரிந்த உத்தியோகத்தர்கள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அதற்கு முன்பே வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிர்வாக மொழி தமிழ் என்று சொல்லியிருக்கிறது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்பவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கையும் உண்டு. ஆக, கடதாசியில் குறையில்லை. ஆனால் நிலையங்களில் பெரும்பான்மையோர் இன்றும் சிங்களம் பேசும் உத்தியோகத்தர்களே. முறைப்பாடு தமிழில் சொல்லப்பட்டுச் சிங்களத்தில் எழுதப்படுவதும், சொன்னவர் வாசிக்கத் தெரியாத பக்கத்தில் கையொப்பமிடுவதும் வடக்கில் நெடுங்காலமாகக் கேட்கப்படும் மனக்குறை.

இடையில் விடுபட்ட தலைமுறை

எந்தத் தொழிலிலும் புதிதாக வருபவர், தன்னைவிட ஐந்தாறு வருடம் மூத்தவரைப் பார்த்தே பாதி வேலையைப் பழகுகிறார். ஆசிரியைக்கு அயல் வகுப்பு ஆசிரியை இருக்கிறார். தாதிக்கு விடுதிப் பொறுப்புத் தாதி இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு தொழில்களிலும் பெண்களின் தொடர் சங்கிலி போர்க்காலத்திலும் அறவில்லை. இடம்பெயர்ந்த பாடசாலையிலும் மரத்தடியில் இயங்கிய வைத்தியசாலையிலும் மூத்தவரின் கையிலிருந்து இளையவரின் கைக்கு வேலை மாறிக்கொண்டே வந்தது.

பொலிஸில் அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பின் அரச சேவையில் தமிழரின் விகிதம் படிப்படியாகச் சரிந்தது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தமிழ்ப் பொலிஸ் அதிகாரிகள் ஆயுத இயக்கங்களின் இலக்கானார்கள். 1983க்குப் பின் வடக்கிலிருந்து பொலிஸில் சேர்வது பெரும்பாலான குடும்பங்களுக்கு நினைத்தும் பார்க்க முடியாததாயிற்று. 2010ஐ ஒட்டிச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண் இன்று ஏறக்குறைய பதினைந்து வருட சேவை உடையவர். அவருக்கு மேலே, அதே ஊரும் அதே மொழியும் கொண்ட பெண் பரிசோதகர், அத்தியட்சகர் என்ற படிகள் பெரும்பாலும் வெற்றிடம். தனக்கு யாரும் சொல்லித் தராததைத் தனக்குப் பின்னால் வருபவருக்குச் சொல்லித்தர வேண்டிய நிலை அவருடையது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மோஸ் கன்டர் 1977இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிலையை விளங்கிக்கொள்ள உதவுகிறது. ஒரு நிறுவனத்தில் ஒரு பிரிவினர் சுமார் 15 வீதத்துக்கும் குறைவாக இருந்தால், அவர்கள் தனிமனிதர்களாகப் பார்க்கப்படுவதில்லை, தம் பிரிவின் மாதிரிகளாகவே பார்க்கப்படுகிறார்கள் என்றார் அவர். ஒருவரின் தவறு எல்லோருடைய தவறாகிறது. ஒருவரின் திறமை விதிவிலக்காகிவிடுகிறது. குடாநாட்டின் தமிழ்ப் பெண் கான்ஸ்டபிள் இரு தடவை சிறுபான்மை: ஆண்களிடையே பெண், சிங்களம் பேசுவோரிடையே தமிழ் பேசுபவர். நிலையத்துக்கு வெளியே வந்தால் மூன்றாவது சுமையும் காத்திருக்கிறது. பொலிஸைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஊரில் அவர் பொலிஸ்காரி. வரன் பேசும்போது அந்த உத்தியோகம் சில வீடுகளில் தயக்கத்தை உண்டாக்குகிறது. இரவுக் கடமை முடிந்து வருபவரைப் பற்றி அயல் பேசுகிறது. இவற்றை எப்படித் தாங்குவது என்று எந்தப் பயிற்சிக் கல்லூரியின் பாடத்திட்டமும் சொல்லித்தராது. களுத்துறையிலும் கல்லடியிலும் அணிவகுப்பும் சட்டமும் பழகலாம். இதைப் பழக்க, இதே பாதையில் முன்னே நடந்த ஒருவர் வேண்டும்.

மேசைக்கு இந்தப்பக்கம் இருப்பவர்

2015 மே 13 அன்று புங்குடுதீவில் பாடசாலைக்குச் சென்றுகொண்டிருந்த 18 வயது மாணவி கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். மகளைக் காணவில்லை என்று பதறிப்போன குடும்பத்திடம், யாரோடாவது போயிருப்பாள் என்ற பாணியில் பொலிஸ் தரப்பு பேசியதாக அப்போது வெளியான செய்திகள் தமிழ் மக்களைக் கொதிக்கவைத்தன. குடாநாடு எங்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் வீதிக்கு வந்தார்கள். ஒரு வாரத்துக்குள் யாழ். நீதிமன்ற வளாகம் தாக்கப்படும் அளவுக்குச் சினம் முற்றியது. 2017 செப்டெம்பர் 27 அன்று மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் அடங்கிய ட்ரயல் அட் பார் மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. முக்கிய சந்தேகநபரைத் தப்பவிட உதவியதாக உயர் பொலிஸ் அதிகாரி ஒருவரே கைதாகவும் நேர்ந்தது.

அந்த முதல் சில மணி நேரத்தில் முறைப்பாட்டை யார் கேட்டார், எப்படிக் கேட்டார் என்பதே இங்கு கேள்வி. பெண் ஒருவர் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. சீருடையிலுள்ள பெண்ணும் மேலதிகாரியின் அசட்டையைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் பயிற்சியும் பின்பலமும் உள்ள பெண் உத்தியோகத்தர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அயல்நாட்டில் திடமான சான்று உண்டு.

இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 180 பொலிஸ் நிலையங்களில் நடத்தப்பட்ட பரிசோதனை ஆய்வின் முடிவுகள் 2022இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளிவந்தன. சந்திப் சுக்தாங்கர், கேப்ரியேல் க்ரக்ஸ்-விஸ்னர், அக்ஷய் மங்களா ஆகிய மூவர் அதை நடத்தினார்கள். நிலையங்களைச் சீட்டுக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் மகளிர் உதவி மேசை அமைக்கப்பட்டது. இன்னொரு பகுதியில் அந்த மேசையைப் பெண் உத்தியோகத்தர்களே நடத்த வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. மூன்றாம் பகுதி பழையபடியே இயங்கியது. மேசை அமைத்த நிலையங்களில் பெண்களின் முறைப்பாடுகள் கூடுதலாகப் பதிவாகின. குற்ற வழக்காகவே பதிவுசெய்யும் முதல் தகவல் அறிக்கைகளின் அதிகரிப்போ, பெண்கள் நடத்திய மேசைகளில்தான் பெரிதும் தெரிந்தது. கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் வெறுமனே நாற்காலியில் அமர்த்தப்படவில்லை என்பது. அவர்களுக்குத் தனியிடம், எழுதப்பட்ட நடைமுறை, பயிற்சி, ஊர் மகளிர் குழுக்களோடு தொடர்பு எல்லாம் கொடுக்கப்பட்டிருந்தன.

இலங்கையில் தேவை எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, துணையுடன் வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் எப்போதேனும் துணையின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். ஐந்தில் ஒருவர். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இவர்களுக்காகவே வந்தது. பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரே நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கோரலாம் என்று அச்சட்டம் இடம் தருகிறது. 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், அதன் பின் 12 மாதம் வரை நீளும் கட்டளையும் பெறலாம்.

இந்த அதிகாரம் தன்னிடம் உண்டு என்று ஓர் இளம் கான்ஸ்டபிள் பயிற்சிக் கல்லூரியில் ஒரு நாள் கேட்டிருக்கலாம். ஆனால் நிலையத்தில் அவர் காணும் வழக்கம் வேறு: கணவனையும் மனைவியையும் எதிரெதிரே இருத்தி, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கச் சொல்லி, சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பிவைப்பது. வழக்கத்தை மீறிக் கட்டளை கோரும் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, பொறுப்பதிகாரியிடம் அதை எப்படி எடுத்துச் சொல்வது, நீதிமன்றில் எதிர்த் தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்யும்போது எப்படி நிலைத்து நிற்பது என்பவற்றைப் பக்கத்தில் இருந்து ஒருமுறை காட்டித் தந்தவர் இருந்தால்தான் சட்டம் உயிர் பெறும்.

வழிகாட்டலின் பலமும் அளவும்

வழிகாட்டல் பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளமிட்டவர் கேத்தி கிராம். 1985இல் வெளியான நூலில் அவர் வழிகாட்டுநரின் பணியை இரண்டாக வகுத்தார். முதலாவது தொழில் சார்ந்தது: வாய்ப்புக்குப் பெயர் சொல்வது, கடினமான வேலையை நம்பிக் கொடுப்பது, திருத்துவது, வீண்பழியிலிருந்து காப்பது. இரண்டாவது மனம் சார்ந்தது: முன்மாதிரியாக இருப்பது, ஏற்றுக்கொள்வது, மனப்பாரத்தைக் கேட்பது. பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டாவதைத் தந்துவிட்டு முதலாவதை மறந்துவிடுகின்றன. ஹெர்மினியா இபார்ராவும் அவருடைய சகாக்களும் 2010இல் ஹாவர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரை இதைத்தான் சுட்டிக்காட்டியது. பெண்களுக்கு ஆலோசனை தாராளமாகக் கிடைக்கிறது. பதவி உயர்வு பேசப்படும் அறையில் அவர்களுக்காக வாதாடும் ஆள்தான் கிடைப்பதில்லை.

பிராங்க் டொபின், அலெக்ஸாண்ட்ரா கலேவ், எரின் கெலி ஆகியோர் அமெரிக்காவின் 708 தனியார் நிறுவனங்களின் பல்லாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவும் நிதானத்தைக் கற்பிக்கிறது. பாகுபாட்டைக் களைவதற்கான பயிற்சி வகுப்புகளால் பயன் மிகக் குறைவு. வழிகாட்டல் திட்டங்களால் ஓரளவு பயன், சில பிரிவினருக்குக் கூடுதல் பயன். நிலைமையை மாற்றுவதற்கு ஒரு குறிப்பிட்ட ஆளோ குழுவோ பொறுப்பேற்ற இடங்களில்தான் மாற்றம் பலமாக நிகழ்ந்தது. வழிகாட்டலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு திணைக்களத்தைத் திருத்திவிடலாம் என்று நம்புவோர் இதை மறக்கக்கூடாது.

மூன்று அயல் அனுபவங்கள்

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் பெண்கள் காவல்துறைக்கு வந்தது 1973இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது. மூன்றாண்டுகளில், 1976ஆம் ஆண்டுத் தொகுதியில், இந்தியக் காவல் பணிக்கு இரு பெண்கள் வந்தார்கள். ஒருவர் லத்திகா சரண். 2006இல் சென்னையின் முதல் பெண் காவல் ஆணையராகி, 2010இல் மாநிலத்தின் முதல் பெண் காவல்துறைத் தலைவரானார். மற்றவர் திலகவதி, தமிழ்நாட்டின் முதல் தமிழ்ப் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, 2005இல் சாகித்திய அக்கடமி விருது பெற்ற எழுத்தாளர். கீழ்மட்டத்தில் பெண்கள் நுழைந்த சில ஆண்டுகளிலேயே மேல்மட்டத்திலும் பெண்கள் தெரிந்தது தமிழ்நாட்டின் நல்வாய்ப்பு. இலங்கையில் அந்த இடைவெளி பல பத்தாண்டுகளாக நீண்டது.

1992இல் ஜெயலலிதா ஆட்சியில் சென்னை ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று அத்தகைய நிலையங்கள் இருநூறுக்கும் மேல். பெண்கள் தயங்காமல் படியேற அவை உதவின. அதேவேளை பெண் காவலர்கள் குடும்பத் தகராறு விசாரணைக்குள் ஒதுக்கப்பட்டு, கொலை, கொள்ளை, சட்டம் ஒழுங்கு ஆகியவற்றில் அனுபவம் பெறாமல் போகிறார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. குடாநாட்டின் பொலிஸ் நிலையங்களிலுள்ள சிறுவர், பெண்கள் பிரிவுக்கும் இந்த ஆபத்து உண்டு. பெண்ணுக்கு ஒரு மேசை கொடுத்த கையோடு மற்ற மேசைகளெல்லாம் ஆணுக்கே என்று ஆகிவிடக்கூடாது.

2023 மார்ச்சில் மகளிர் காவலின் பொன்விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்பது அறிவிப்புகள் செய்தார். காலை அணிவகுப்பு 7 மணிக்குப் பதில் 8 மணிக்கு, பெண் காவலருக்குத் தங்கும் விடுதிகள், குழந்தைகள் காப்பகம், காவல் நிலையங்களில் தனி ஓய்வறை, இவற்றோடு பணி வழிகாட்டலுக்கான ஆலோசனைக் குழுவும். வழிகாட்டலை ஓய்வறை, காப்பகம், கடமை நேரம் என்ற அன்றாடத் தேவைகளோடு ஒரே பட்டியலில் வைத்தது சரியான பார்வை. குழந்தையை எங்கே விடுவது என்று தவிக்கும் தாய்க்குப் பதவி உயர்வுப் பரீட்சை பற்றி மட்டும் ஆலோசனை சொல்வது பாதி உதவிதான்.

பங்களாதேஷ் வேறு வழியில் போனது. அங்கு 1974இல் பெண்கள் பொலிஸுக்கு வந்தார்கள். 2008 நவம்பரில் பங்களாதேஷ் பொலிஸ் மகளிர் வலையமைப்பு தொடங்கப்பட்டது. கான்ஸ்டபிளிலிருந்து உயரதிகாரி வரை ஒரே அமைப்பின் கீழ் பெண்கள் கூடினார்கள். மூத்தவர்கள் குறைவாக இருக்கும் திணைக்களத்தில் இது முக்கியம். ஒருவருக்கு ஒருவர் என்று சோடி சேர்க்க ஆள் போதாவிட்டால், பலர் சேர்ந்து பலருக்குத் துணையாகலாம்.

மூன்றாவது அனுபவம் வட அயர்லாந்து. போரின் காயம் ஆறாத ஒரு சமூகம் பொலிஸை மீண்டும் நம்புவது எப்படி என்ற கேள்வியில் யாழ்ப்பாணத்துக்கு மிக அருகில் வரும் உதாரணம் அதுதான். பொலிஸ் சீர்திருத்தம் குறித்து 1999இல் வெளியான பற்றன் அறிக்கையைத் தொடர்ந்து 2001இல் பொலிஸ் சேவை புதிதாக அமைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் புதிய ஆட்சேர்ப்பில் பாதி கத்தோலிக்கர் என்ற விதி நடைமுறையில் இருந்தது. ஏறக்குறைய 8 வீதமாக இருந்த கத்தோலிக்கர் பங்கு 2011இல் 30 வீதத்தை எட்டியது. ஆனால் புதிதாகச் சேர்ந்த பலர் தம் உத்தியோகத்தை அயலவருக்குச் சொல்லவே அஞ்சினார்கள். 2011 ஏப்ரலில் ஓமாவில் ரோனன் கெர் என்ற இளம் கத்தோலிக்கக் கான்ஸ்டபிள் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். ஆளைச் சேர்ப்பதோடு திணைக்களத்தின் கடமை முடிவதில்லை. சேர்ந்தவர் தன் ஊரிலேயே தலைநிமிர்ந்து நடப்பதற்கும் அது துணை நிற்க வேண்டும் என்பதை அந்த அனுபவம் கடுமையாக உணர்த்தியது.

குடாநாட்டுக்கு ஏற்ற வடிவம்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, யாழ். குடாநாட்டுக்குப் பொருந்தும் வழிகாட்டல் திட்டத்தின் உருவம் ஓரளவு தெளிகிறது.

முதலாவது, வழிகாட்டுநர் அதே நிலையத்தின் மேலதிகாரியாக இருக்கக்கூடாது. விடுமுறைக்குக் கையொப்பமிடுபவரிடமும் இடமாற்றத்துக்குப் பரிந்துரைப்பவரிடமும் யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள். சுன்னாகத்தில் பணிபுரியும் கான்ஸ்டபிளுக்குப் பருத்தித்துறையிலோ சாவகச்சேரியிலோ இருக்கும் சார்ஜன்ட் பொருந்துவார். குடாநாட்டின் பெரும்பாலான நிலையங்கள் ஒன்றுக்கொன்று பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன. நெடுந்தீவு போன்ற இடங்களுக்கு மட்டும் தொலைபேசி ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது, ஒருவருக்கு இரண்டு வழிகாட்டுநர்கள். ஒருவர் தமிழ் பேசும் பெண். சேவையில் ஐந்தோ பத்தோ வருடம் மூத்தவர். அன்றாடச் சிக்கலுக்கு அவர். மற்றவர் உயர் பதவியில் இருப்பவர். சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ, ஆணோ பெண்ணோ, யாராயினும் சரி. கடினமான விசாரணைக்கு இந்தப் பிள்ளையை அனுப்புங்கள், அடுத்த பயிற்சிக்கு இவருடைய பெயரைச் சேருங்கள் என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். மூத்த தமிழ்ப் பெண் அதிகாரிகள் உருவாகும்வரை காத்திருந்தால் இன்னொரு தலைமுறை வீணாகும். இனத்தையும் பாலையும் கடந்த இந்த உறவு நல்லிணக்க மேடைப் பேச்சைவிடப் பயன் தரும். சிங்கள அதிகாரியும் குடாநாட்டின் வாழ்க்கையைத் தன் இளைய சகாவிடமிருந்து அறிந்துகொள்வார்.

மூன்றாவது, கற்பிக்கும் பொருள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். தமிழில் முறைப்பாட்டைச் சொன்னவரின் சொல்லிலேயே எழுதுதல். வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெறுதல். வீட்டு வன்முறைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் தயாரித்தல். வன்புணர்வு முறைப்பாட்டில் காலம் தாழ்த்தாமல் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புதல். நீதிமன்றில் சாட்சியம் அளித்தல். பதவி உயர்வுப் பரீட்சைக்கான ஆயத்தம். சிங்களப் பேச்சுப் பயிற்சி. ஆண்டில் சில மாதங்கள் குற்றத்தடுப்பு, போக்குவரத்துப் பிரிவுகளில் மாற்றிப் பணியாற்றும் வாய்ப்பும் இதன் பகுதியாக வேண்டும்.

நான்காவது, பொலிஸுக்கு வெளியே உள்ள பெண்களின் அறிவு. குடாநாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. பிரதேச செயலகங்களில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வைத்தியசாலைகளில் வன்முறைக்கு ஆளானோருக்கான நட்பு நிலையங்கள் இயங்குகின்றன. யாழ்ப்பாணத்து மகளிர் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகளுக்குப் பல்லாண்டு அனுபவம் உண்டு. பெண் சட்டத்தரணிகளும் ஓய்வுபெற்ற அதிபர்களும் இருக்கிறார்கள். பெயர், ஊர் அடையாளங்களை நீக்கி, முடிந்துபோன முறைப்பாடுகளை மாதம் ஒருமுறை இவர்களோடு அமர்ந்து அலசினால் இளம் உத்தியோகத்தர் கற்பது அதிகம். சந்தேகத்தோடு விலகி நிற்கும் சமூகம் அவரை ஆளாக அறிந்துகொள்ளவும் அது வழி.

ஐந்தாவது, நேரம். இந்தச் சந்திப்புகள் கடமை நேரத்துக்குள் கணக்கிடப்பட வேண்டும். ஓய்வு நாளில் வந்து போங்கள் என்றால், வீட்டுவேலையும் பிள்ளையும் தலையில் உள்ள பெண்ணே முதலில் விடுபட்டுப் போவார். பேறுகால விடுமுறை முடிந்து திரும்பும் மாதங்கள்தான் பலர் தளரும் காலம். வழிகாட்டுநரின் கவனம் அப்போது இரட்டிப்பாக வேண்டும்.

எங்கே எச்சரிக்கை வேண்டும்

வழிகாட்டல் ஓர் அதிகார உறவும்தான். மூத்தவரின் தயவில் இளையவர் நிற்பது துஷ்பிரயோகத்துக்கும் வழி திறக்கலாம். தமிழ்நாட்டில் 2021 பெப்ரவரியில் மாவட்டக் கண்காணிப்பாளர் தரத்திலிருந்த பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, சிறப்பு டி.ஜி.பி. ஒருவர் தன்னைப் பாலியல்ரீதியாகத் துன்புறுத்தியதாக முறையிட்டார். 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த உயரதிகாரிக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவ்வளவு உயரத்தில் இருந்த பெண்ணுக்கே இப்படியென்றால் ஒரு கான்ஸ்டபிளின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பாலியல் தொந்தரவைத் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமாக்கியது. வழிகாட்டல் திட்டத்தோடு கூடவே, கட்டளைச் சங்கிலிக்கு வெளியே முறையிடும் வழியும், காரணம் சொல்லாமல் வழிகாட்டுநரை மாற்றிக்கொள்ளும் உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும். 2024இன் பெண்கள் வலுவூட்டல் சட்டம் தேசிய அளவில் பெண்களுக்கான ஆணைக்குழுவுக்கு இடம் செய்திருக்கிறது. பொலிஸுக்கு வெளியிலான கண்காணிப்பை அங்கே எதிர்பார்ப்பது நியாயம்.

லண்டன் பெருநகரப் பொலிஸை ஆராய்ந்து லூயிஸ் கேசி 2023 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, அந்த அமைப்பில் பெண் வெறுப்பு நிறுவனமயமாகி இருப்பதாகச் சொன்னது. பெண்களைச் சேர்த்து, சங்கங்கள் அமைத்து, கொள்கைகள் எழுதி ஆண்டுகள் பல கடந்தும் அந்த நிலை. விதிகளும் தண்டனையும் ஆண்களின் நடத்தையும் மாறாத இடத்தில், பெண்களைத் தாங்கிக்கொள்ளப் பழக்குவது மட்டுமே வழிகாட்டலின் வேலையாகிவிடும். அதற்காக இந்தத் திட்டம் வேண்டியதில்லை. 32 அதிகாரிகள் நீதிமன்றம் போகக் காரணமான விதிகளைத் திருத்துவது கொழும்பின் கடமை. அதை எந்த வழிகாட்டுநரும் ஈடுசெய்ய முடியாது.

தொடங்குவதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வட மாகாணத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபரின் கட்டளையோடு, குடாநாட்டின் நாலைந்து நிலையங்களில், 2009க்குப் பின் சேர்ந்து பத்து வருடம் கடந்த தமிழ் பேசும் பெண்களை வழிகாட்டுநர்களாகப் பயிற்றுவித்து ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம். அளவுகோல்களையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்: தமிழில் எழுதப்பட்ட வாக்குமூலங்கள் எத்தனை, பொலிஸார் கோரிய பாதுகாப்புக் கட்டளைகள் எத்தனை, பதவி உயர்வுப் பரீட்சைக்குத் தோற்றிய பெண்கள் எத்தனை, இடைநடுவில் சேவையை விட்டவர்கள் எத்தனை. அந்த எண்களை ஒவ்வொரு ஆண்டும் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக வெளியிட்டால், திட்டம் வேலை செய்கிறதா என்பதை முறைப்பாட்டோடு வரும் பெண்களும் சீருடை அணிந்த பெண்களும் தாங்களே தீர்மானிப்பார்கள்.